சேகர் கடை வாசலில் பொட்டு வைத்த இரும்பு

கருவாடு வாங்கத்தான் கிளம்பினோம். ஆயுத பூஜைக்கு மறுநாள், சனிக்கிழமை. கருவாட்டுக்குப் பேர்போன கடலோர ஊரான தஞ்சோங் டாவாய்க்குப் போகலாம் என்று லெட்சுமி மூன்று மாதமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடக் காலத்துத் தோழி. இப்போது ஓர் ஆலையில் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி. தொட்டியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று அளக்க, கதிரியக்கப் பொருள் வைத்த கருவிகள் சில ஆலைகளில் இருக்கும். அவற்றுக்குக் காவல் இவள்.

பட்டர்வொர்த்தில் 7.10-க்கு வண்டியை எடுத்தோம், 7.50-க்கு சுங்கை பட்டாணி. ஆளுக்கொரு தோசை, நுரை பொங்க இழுத்த ஒரு தே தாரேக் டீ, மொத்தம் ஒன்பது ரிங்கிட் இருபது சென். அப்புறம்தான் லெட்சுமி மெல்ல ஆரம்பித்தாள்: அவள் தம்பி சேகர் பூஜைப் பொரி எடுத்து வைத்திருக்கிறானாம். அவனுடைய பழைய இரும்புக் கடை கோலா கெத்தில் பக்கம். நாங்கள் போக வேண்டியது மேற்கே, இது கிழக்கே இருபது கிலோமீட்டர். முணுமுணுத்துக்கொண்டே திருப்பினேன்.

இருபுறமும் ரப்பரும் செம்பனையும். சில நாடுகளில் ராணுவ அணு நிலையங்களின் கழிவை ராணுவமே மேற்பார்க்கிறது, வெளி அதிகாரி லேசில் உள்ளே நுழைய முடியாது என்று எங்கோ படித்ததைச் சொன்னேன்.

"சொந்த ஆள சொந்த ஆளே செக் பண்ணா உருப்படுமாடி?" என்றாள் லெட்சுமி. திங்கட்கிழமை சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டிய அவளுடைய கதிர் அளக்கும் மீட்டர் பின்சீட்டில் கிடந்தது.

8.50-க்குப் போய்ச் சேர்ந்தோம். லோரி, தராசு, வெல்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. கேட்டு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த வாளி அளவு இரும்புக்கும் பெரிய பொட்டு.

"மூடுன ஆலையிலேர்ந்து வந்திச்சுக்கா. ரெண்டு ஆள் தூக்கணும் லா," என்றான் சேகர் பெருமையாக.

லெட்சுமி பொரிப் பைக்குக் கை நீட்டவில்லை. சந்தனத்தின் ஓரத்தில் மஞ்சள் தகடு எட்டிப் பார்த்தது. எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காரிலிருந்து மீட்டரை எடுத்து வந்து நீட்டினாள். டிக் டிக் சத்தம் விறுவிறுவென்று கூடியது. பூஜைக்கு வைத்த பொட்டு, எச்சரிக்கைச் சின்னத்தை அப்படியே மறைத்திருந்தது.

"தொட்டி அளக்குற கருவி இது. கதிர் வர்ற வாசல் மூடிதான் இருக்கு, பயப்படாதீங்க. ஆனா யாரும் கிட்ட போவாதீங்க," என்று, அணுசக்தி அதிகாரிகளைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தாள்.

சேகருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ரிப்போட் பண்ணா கடைய மூடிருவாங்கக்கா. திங்கக்கெழம லோரி வருது. பின்னால பெலுக்கார்ல தள்ளிரலாம், புதருக்குள்ள யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் லா தம்பி."

"நீ என் அக்காதான?"

"அதனாலதான்டா கூப்புடுறேன்," என்றாள். கண் கலங்கியிருந்தது.

அதிகாரிகள் 1.35-க்கு வந்தார்கள். எல்லார் கையையும் சோதித்தார்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை. இரும்பைப் பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டு எடுத்துப்போனார்கள். விசாரணை முடியும்வரை கடைக்குப் பூட்டு. நாங்கள் கிளம்பியபோது சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுங்கை பட்டாணி வரும்வரை லெட்சுமி அழுதாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த பாசத்தை அவளிடம் சொல்லத் தெரியவில்லை.

நாலு வாரம் கழித்து, செமிலிங் வழியாகத் தஞ்சோங் டாவாய் போனோம். சுங்கை பட்டாணியிலிருந்து 24 கிலோமீட்டர். பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். கருவாட்டை இரண்டு பையில் கட்டுங்கள், இல்லாவிட்டால் கார் ஒரு வாரம் மணக்கும். வழியில் எங்காவது பழைய இரும்பில் மஞ்சள் தகடும் கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னமும் கண்டால் தொடாதீர்கள், விலகி நின்று தகவல் சொல்லுங்கள்.

திரும்பும்போது சேகரிடமிருந்து போன். அன்றைக்குப் பிறகு முதல் தடவை. "கடை தொறந்தாச்சு. வாங்க."

கேட்டுக்கு இப்போது சிமெண்டுக் கல் முட்டு. பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் பலகை: 'பொட்டு வைக்கும் முன் தகட்டைப் பார். மஞ்சள் என்றால் தொடாதே. அக்காவைக் கூப்பிடு.' கீழே லெட்சுமியின் எண்.

அன்றைய பொரியையும் எடுத்து வைத்திருந்தான். நமுத்து ரப்பராகியிருந்தது. லெட்சுமி ஒரு பிடி மிச்சம் வைக்காமல் தின்றாள்.