லா ஷப்பலிலிருந்து ரூ ஜாக்கோப்: தவறான கொப்பியோடு ஒரு நாள்

பிரெஞ்சுக் குடியுரிமை நேர்முகத்துக்குப் போகிறவர்கள் வழி கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துப்போனேன். 2019 ஒக்ரோபரில் பாரிசில் நான் போய்வந்த அந்த ஒரு நாளை இங்கே எழுதிவைக்கிறேன். நேரம், செலவு, பட்ட வெட்கம் எல்லாம் உண்டு.

முதலில், கேள்வியும் விடையும் எழுதிவைத்த கொப்பி பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சோதனை பாஸ் பண்ணியவர் தன் கொப்பியை அடுத்தவருக்குக் கொடுப்பார், அவர் அதைப் படமெடுத்து இன்னொருவருக்கு அனுப்புவார். அது எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்குக் கொடுத்தவன் குகன். நான் பின்னேரங்களில் கோப்பை கழுவும் உணவகத்தில் அவன் சமையல்காரன், கிளிநொச்சிப் பெடியன். அவனும் நேர்முகத்துக்குக் காத்திருந்தான்.

"அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு இதைப் பாடமாக்குங்கோ. என்ரை மச்சாள் இதைப் படிச்சுத்தான் பாஸ் பண்ணினவ."

ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் இருக்கும் ஒரு கடையில் அச்செடுத்தேன். பதினாலு பக்கம், இரண்டு ஒய்ரோ எண்பது சதம். முதல் பக்கம் இல்லை. மச்சாள் தமிழில் மொழிபெயர்த்து எழுதியிருந்தார், எல்லா இடத்திலும் 'நாடு' என்று மட்டும். நாட்டுக்கு ஜனாதிபதி, செனற், அரசியலமைப்பு. பிரான்சிலும் அதெல்லாம் இருக்கிறதுதானே. பதின்மூன்று குடியேற்றங்கள் இங்கிலாந்து அரசனுக்கு வரி கட்ட மறுத்துச் சண்டை பிடித்தன என்ற இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் இடித்தது. குகனிடம் கேட்டேன்.

"இங்கிலீசுக்காரன் ஆரோடைதான் சண்டை பிடிக்கேல்லை? இஞ்சையும் பிடிச்சிருப்பான். நீங்கள் படியுங்கோ அண்ணை."

சரி என்று படித்தேன். மூன்று மாதம், மெட்ரோவில் நின்றபடியே படித்தேன்.

அன்று காலை நாலரைக்கு எழும்பி, ஐந்திலிருந்து எட்டுவரை ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துடைத்துவிட்டு, லா ஷப்பலில் இருக்கும் என் அறைக்கு வந்து சேட் மாற்றினேன். ஒன்பது இருபதுக்கு வெளிக்கிட்டு கார் து நோர் நிலையம் வரை ஏழு நிமிட நடை. அங்கிருந்து நாலாம் இலக்க மெட்ரோவில், நேர்முகம் நடக்கும் பொலிஸ் தலைமையகத்துக்குப் பக்கத்திலுள்ள சித்தே நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். பயணச்சீட்டு ஒன்று தொண்ணூறு. எனக்குக் குறித்த ரொந்தேவூ நேரம் பத்து இருபது, கூப்பிட்டது பதினொன்று ஐந்துக்கு. கதிரை இருக்கிறது, தண்ணீர் கொண்டுபோங்கள்.

அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும், மெல்லப் பேசும் பெண். ஜனாதிபதியை எத்தனை வருடத்துக்குத் தெரிவு செய்கிறோம் என்று கேட்டார். நான்கு என்றேன். செனற்றில் எத்தனை பேர்? நூறு. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குடியரசு எப்படி உருவானது என்று கேட்டபோது, விடாமல், பதின்மூன்று குடியேற்றங்களையும் பிரதிநிதி இல்லாமல் வரி கேட்ட அரசனையும் ஒப்பித்தேன். மூன்று மாதம் பாடமாக்கியது, நிறுத்தினாலும் நிற்கவில்லை.

"மெசியே, நீங்கள் சொல்வது அமெரிக்கா" என்றார் அவர்.

மச்சாள் நியூ ஜெர்சியில் இருக்கிறார் என்பது அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வெட்கத்தில் காது சுட்டது. அவர் சிரிக்கவில்லை. சட்டம் இயற்றுகிறவர், நடத்துகிறவர், நீதி சொல்கிறவர் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று இன்னொரு கேள்விக்கு நான் சொன்ன விடை மட்டும் சரி என்றார். அந்த யோசனையை அமெரிக்கர்கள் ஒரு பிரெஞ்சுக்காரரின் புத்தகத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்களாம். அவர்களின் சுதந்திரத்தை இங்கிலாந்து ஏற்றுக் கையெழுத்து வைத்ததும் இங்கே பாரிசில், ரூ ஜாக்கோப்பில், 1783இல் என்றார். பிறகு ஏன் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்.

இதற்குக் கொப்பியில் விடை இல்லை. எனக்கு நாற்பத்துமூன்று வயது, ஒரு தரமும் வாக்குப் போட்டதில்லை என்றேன். யுத்தகாலத்தில் ஊரில் வாக்குச்சாவடி இராணுவக் காவலரணுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். 2010இல் இங்கே வந்தபின் வரி கட்டுகிறேன், வாக்கில்லை. அவர் எதையோ நீளமாக எழுதினார். நன்றி என்றார்.

வேலைக்கு இன்னும் நேரமிருந்தது. அறைக்குப் போகப் பிடிக்கவில்லை, குகனின் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. அதே நாலாம் இலக்க மெட்ரோவில் மூன்று நிலையம் தள்ளி சேன் ஜெர்மேன் தே பிரேயில் இறங்கினேன், இன்னொரு ஒன்று தொண்ணூறு. அங்கிருந்து அதிகாரி சொன்ன ரூ ஜாக்கோப்புக்கு ஆறு ஏழு நிமிட நடை. 56ஆம் இலக்கம். பூட்டிய கதவு, சுவரில் அந்த 1783 கையெழுத்தைப் பற்றி எழுத்துப் பொறித்த ஒரு கல், அவ்வளவுதான். கட்டணம் இல்லை, பார்க்க மூன்று நிமிடம் போதும். நான் இருபது நிமிடம் நின்றேன். கால் உளைந்தது. பக்கத்துக் கடையில் கோப்பி மூன்று நாற்பது என்று போட்டிருந்தது. லா ஷப்பலில் அந்தக் காசுக்குப் பால் விடாத பிளேன்ரீயும் இரண்டு ரோல்சும் வரும். குடிக்காமல் திரும்பினேன்.

பின்னேரம் உணவகக் குசினியில் குகனிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஐயோ அண்ணை. நான் அவவிட்டை எந்த நாடெண்டு கேக்கவேயில்லை."

திட்டுவதற்கும் எனக்குத் தெம்பிருக்கவில்லை. அந்தக் கிழமையே இரண்டுபேரும் இருந்து கொப்பியைத் திருத்தினோம். நான்கை வெட்டி ஐந்து, நூறை வெட்டி முந்நூற்று நாற்பத்தெட்டு. அடுத்த மாதம் அவன் அதைப் படித்துவிட்டுப் போய் பாஸ் பண்ணினான். எனக்கு 2020 கோடையில் கடிதம் வந்தது: இரண்டு வருடம் ஒத்திவைப்பு. நல்ல மனுசி, ஆனால் விடை பிழை என்றால் பிழைதான்.

நீங்கள் போவதென்றால்: கொப்பி எந்த நாட்டுடையது என்று முதலில் கேளுங்கள். காலை வேலைக்கு லீவு எடுங்கள், நித்திரை இல்லாத தலையில் கேள்வி ஏறாது. ரூ ஜாக்கோப்புக்கு நேர்முகத்துக்கு முன் போங்கள், பின் அல்ல. திருத்திய கொப்பி வேண்டியவர்கள் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

2022 ஏப்ரலில் குகன் முதல் தரம் வாக்குப் போட்டான். தனியப் போகக் கூச்சம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூட வாசலோடு நான் நின்றுகொண்டேன். வெளியே வந்து, அன்றைய திகதி குத்திய வாக்காளர் அட்டையைக் காட்ட நினைத்து, பிறகு பொக்கெற்றில் வைத்துவிட்டான்.

"காட்டடா" என்றேன்.

பார்த்தேன். நல்ல வடிவாகக் குத்தியிருந்தார்கள்.

கொப்பியில் ஒரு விடையை மட்டும் நாங்கள் வெட்டவில்லை, இரண்டு நாட்டுக்கும் அது சரி. அரசுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? ஆளப்படுகிறவர்களின் சம்மதத்திலிருந்து. செப்டெம்பரில் திரும்பவும் விண்ணப்பம் போடுகிறேன். எனக்கு இப்போது நாற்பத்தாறு. சம்மதமா என்று என்னை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.