லெம்பி சாரெலா குறி மாற்றிய வருஷம்

லெம்பி சாரெலாவுக்குச் சமையல் சலித்துப்போய் வெகுகாலம் ஆயிற்று. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்காக அண்டா அண்டாவாக உருளைக்கிழங்கு மசிப்பவள், வீடு திரும்பினால் தனக்கென்று ஒரு முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். நவம்பர் பதினைந்தாம் தேதி மிச்சிகனில் மான் வேட்டை திறக்கும். அன்றைக்கு எங்கள் வடபகுதியில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வாத்தியார்களே காட்டில் இருக்கும்போது யாருக்காகத் திறந்து வைப்பது? அன்றிலிருந்து ஒரு வாரம் லெம்பி வேலைக்கும் லீவு போட்டுவிடுவாள், கரண்டியைத் தொடமாட்டாள்.

அவள் புருஷன் வில்யோ செத்த வருஷம், காட்டுக்குள் ஆண்கள் தங்கும் வேட்டைக் கேம்புக் குடிலில் அவனுடைய கட்டில் காலியாகக் கிடந்தது. லெம்பி தன் அப்பாவின் பழைய லீவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே போய் நின்றாள். கொழுந்தன் ஆர்வோ அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "வாங்க அண்ணி, அடுப்பு அந்தப் பக்கம்" என்றான். லெம்பி துப்பாக்கியை ஆண்களின் துப்பாக்கிகளோடு சுவரில் சாத்தினாள், வில்யோவின் கட்டிலில் தன் போர்வையை விரித்தாள். அதற்கப்புறம் வருஷம் தவறாமல் ஒரு மானாவது கொண்டுவந்தாள். வாயடைத்துப் போனார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஆர்வோவின் வாய் அப்படியெல்லாம் அடைபடுகிற வாய் இல்லை.

போன வருஷம்தான் அது நடந்தது. சதுப்பு நிலத்துத் தேவதாரு மரங்களுக்கு இடையில் ஒரு கொம்புமான் வந்து நின்றது. லெம்பி துப்பாக்கியைத் தூக்கினாள். குறி பார்க்க அந்தத் துப்பாக்கிக் குழலின் பின்பாதியில் ஒரு இரும்பு வெட்டு, நுனியில் ஒரு சின்ன வெள்ளை மணி. வெட்டுக்குள் மணியை உட்காரவைத்து, மணியை மானின் மேல் வைக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதுக் கண்ணுக்கு அந்த வெட்டு கம்பளி நூல்போலக் கசங்கித் தெரிந்தது. ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சுட்டாள். மான் ஓடிவிட்டது. பனியில் ரத்தம் இருந்தது. லாந்தர் வைத்துக்கொண்டு எல்லாரும் சதுப்புக்குள் தேடினார்கள். உறைந்தும் உறையாமலும் கிடந்த தண்ணீரில் தடம் மறைந்துபோனது.

எங்கள் கேம்ப்களில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டுத் தவறவிட்டவனின் சட்டை வாலைக் கத்திரியால் வெட்டி, பெயரும் வருஷமும் எழுதி உத்தரத்தில் ஆணியடித்து மாட்டுவார்கள். அப்படி ஆர்வோவின் துணி மட்டும் அங்கே ஒரு படுதா தைக்கும் அளவுக்குத் தொங்குகிறது. ஆனால் காயப்படுத்திவிட்டுத் தொலைத்தவளுக்கு யாரும் கத்திரியை எடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. ஆர்வோ அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான், அவ்வளவுதான். அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். சட்டை முழுவதையும் கிழித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அவள் தோட்டாவை இறக்கிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்தாள். சும்மா உட்கார முடியாமல் கிழங்கு உரித்தாள். உரித்த கிழங்கை என்ன செய்வது? அந்தி சாய்ந்து ஆண்கள் திரும்பியபோது சுடச்சுடச் சாப்பாடு தயாராக இருந்தது. "அடடா, இதுல்ல கேம்ப்!" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டு லெம்பி கரண்டியைக் கீழே வைத்தாள். இப்படியே விட்டால் சாகும்வரை இந்த அடுப்புதான் கதி என்று புரிந்துவிட்டது. குறி தெரியாமல் இன்னொரு மானைச் சுடவும் அவளால் முடியாது. ஆக, அடுத்த நவம்பருக்குள் தன் கண்ணுக்குத் தெரிகிற ஒரு குறி வேண்டும். இல்லையென்றால் கேம்ப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தாள்.

ஆர்வோ யோசனை சொல்லக் கூலி கேட்காதவன். "துப்பாக்கி மேல தொலைநோக்கி ஸ்கோப் போட்டுருங்க அண்ணி. அதுல பார்த்தா நிலாவுல இருக்கிற பள்ளமே தெரியும்."

"நிலாவை நான் சுடப்போறதில்லடா."

"உங்க அப்பா காலத்து இரும்பையே கட்டிக்கிட்டு அழுங்க, அப்ப."

மனசு கேட்காமல் அவனே ஒரு பழைய ஸ்கோப்பைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். அந்தத் துப்பாக்கி சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை நேர் மேலே துப்புகிற வகை. நடுவில் எதையும் வைக்க வழியில்லை. அதனால் இடப்பக்கமாக ஒரு தாங்கி அடித்து அதில் ஸ்கோப்பை உட்காரவைத்தான். ஊருக்கு வெளியே ஜல்லி தோண்டிய குழியில் வைத்து இருவரும் சுட்டுப் பார்த்தார்கள்.

"கன்னத்தை எங்கடா வைக்கிறது? துப்பாக்கிக் கட்டைக்கும் மூஞ்சிக்கும் நடுவுல ஒரு பூனை படுக்கலாம் போல இருக்கு."

"கன்னம் எதுக்கு அண்ணி? கண்ணு பட்டாப் போதும்."

"கழுத்தை இப்படிக் கோணிக்கிட்டு நின்னா மான் சிரிச்சே செத்துரும், தோட்டா மிச்சம்."

அவள் சொன்னதில் தவறே இல்லை. காட்டில் நாள் முழுக்க அவள் அந்தத் துப்பாக்கியை நடுவில் ஒற்றைக் கையால் பிடித்துத்தான் நடப்பாள். பிடிக்கிற இடத்தில் இப்போது ஸ்கோப் முட்டியது. அவள் உட்காரும் புதரில் மான் வந்தால் கல்லெறி தூரத்தில்தான் வரும். அவ்வளவு கிட்டத்தில் ஸ்கோப்பில் தெரிவது ஒரு கை அகலம் பழுப்பு மயிர், அது தோளா தொடையா என்று யாருக்குத் தெரியும்? ஆர்வோவின் நல்ல மனசு நோகாதபடி இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவன் முகம் தூக்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சௌனா நீராவி அறையில் வியர்த்ததும் சரியாகிவிட்டான்.

செப்டம்பரில் லெம்பி கண் டாக்டரிடம் போனாள். அவர் இளவயதுக்காரர், தெற்கேயிருந்து வந்தவர், பொறுமையாகக் கேட்டார். வெட்டு இங்கே, மணி அங்கே, மான் அதற்கும் அப்பால் என்று அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"மூணையும் ஒரே நேரத்துல தெளிவாக் காட்டுற கண்ணாடி கிடையாதும்மா. உங்க வயசுக் கண்ணு இது, கிட்டன்னா கிட்ட மட்டும், தூரம்னா தூரம் மட்டும்."

"அப்ப நான் சூப்பு வைக்கப் போகணும்."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. சோதனையை முடிக்கலாமென்று, ஊசித் துளைகள் போட்ட ஒரு கறுப்புத் தகட்டை அவள் கண்முன் பிடித்தார். சுவரில் புகைபோல இருந்த எழுத்துகள் சட்டென்று கறுப்பாக எழுந்து நின்றன. லெம்பி தகட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரியைப் பார்த்தாள்.

"இது என்ன கண்ணாடி?"

"கண்ணாடியே இல்லம்மா. வெறும் ஓட்டை."

அவள் அங்கிருந்து நேராகப் போனது கில்பர்ட் போட்ரியின் கடைக்கு. மண்புழுவும் தோட்டாவும் காபியும் ஒரே மேசையில் விற்கிற கடை அது. கில்பர்ட்டும் கேம்ப்காரன்தான். லெம்பி மூச்சு வாங்க ஓட்டையைப் பற்றிச் சொன்னதும், அவன் உள்ளே போய் ஒரு சின்ன இரும்பு வளையத்தை எடுத்து வந்தான். பழைய வெட்டைக் கழற்றிவிட்டு, இதைத் துப்பாக்கியின் பின்கோடியில், கண்ணுக்கு வெகு அருகில் திருகுவார்கள். வளையத்துக்குள் இன்னும் சிறிய துளை வேண்டுமென்றால் அதற்கென்று நடுவில் துளை போட்ட திருகுவட்டுகள் இருந்தன.

"வளையத்தைப் பார்க்காதீங்க. அதுக்குள்ள பூந்து மணியைப் பாருங்க. நடுவுல வைக்கிற வேலையைக் கண்ணே பார்த்துக்கும்" என்றான் கில்பர்ட்.

"இருக்கிறதுலயே சின்ன ஓட்டை எது?"

"அது காகிதத் தட்டைச் சுடறவங்களுக்கு. காட்டுக்கு என்னன்னா..."

"டாக்டர்கிட்ட ஊசி ஓட்டைலதான் நல்லாத் தெரிஞ்சுது. அதையே போடு."

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ போடு கில்பர்ட்."

அவன் போட்டான். எங்கள் ஊர்ப் பெண்களிடம் ஒரு விஷயத்தை இரண்டு தடவைக்கு மேல் சொல்கிறவர்கள் யாரும் கிடையாது.

வேட்டை திறப்பதற்கு முந்தைய ஞாயிறு எல்லாரும் ஜல்லிக் குழியில் கூடினார்கள். புதுப் பனி, உச்சி வெயில். லெம்பி முழங்காலில் முழங்கையை ஊன்றி மூன்று முறை சுட்டாள். காகிதத் தட்டைப் போய்ப் பார்த்தால், மூன்று ஓட்டைகளையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம். ஆர்வோ தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், "நல்ல தட்டு. எந்தக் கடைல வாங்கினீங்க?" என்றான். லெம்பி அன்றைக்கு வீடு வரும்வரை லாரியில் பாடிக்கொண்டே வந்தாள்.

முதல் நாள் காலை. வெளிச்சம் வந்தும் வராத நேரம், தேவதாருக்களுக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். கொம்புமான் சத்தமில்லாமல் வந்து பக்கவாட்டில் நின்றது. அதைவிட நல்ல தருணம் அமையாது. லெம்பி துப்பாக்கியைத் தூக்கித் துளைக்குள் பார்த்தாள். உள்ளே ஒரே கறுப்பு. மணி இல்லை, மான் இல்லை. உச்சி வெயிலில் அவ்வளவு துல்லியமாகக் காட்டிய ஊசித் துளை இந்த மங்கலில் வெளிச்சத்தை உள்ளே விடவே இல்லை. தலையைத் தூக்கினால் மான் இருக்கிறது, குனிந்தால் இருட்டு. குத்துமதிப்பாகச் சுடலாம். போன வருஷமும் அப்படித்தான் சுட்டாள். கட்டைவிரலால் துப்பாக்கியின் சுத்தியலை மெதுவாக இறக்கி, சுடாமல் விட்டாள். மான் தன் வழியே நடந்து போனது. லெம்பிக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது, அதுவும் தன் மேலேயே.

சாயங்காலம் கேம்புக்குத் திரும்பி, காலையில் நடந்ததை அப்படியே சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"சுடாம விட்டதுக்குச் சட்டையை வெட்டலாமா?" என்று ஆர்வோ கத்திரியைத் தேடினான்.

"பாதி வால் வெட்டலாம்" என்றான் கில்பர்ட்.

எல்லாரும் சிரித்தார்கள், லெம்பியும் சிரித்தாள். அப்போது ஆர்வோ, நிஜமான பிரியத்தோடுதான், "போகட்டும் அண்ணி. இந்தக் குளிர்ல ஏன் கஷ்டப்படணும்? நாளைக்கு இங்கயே இருந்து சூடா ஒரு சூப்பு வைங்களேன்" என்றான்.

லெம்பியின் சிரிப்பு நின்றது. "எனக்குச் சூப்பு வைக்க வராதுடா."

"யாரு, உங்களுக்கா?"

"வரும். வைக்கமாட்டேன். நீ வை, நான் திங்கிறேன்!"

ஆர்வோ காதெல்லாம் சிவந்துபோய்த் தன் தட்டைப் பார்த்தான். லெம்பி விருட்டென்று எழுந்து போய்ச் சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. வட்டின் துளைக்குள் பனி உருகித் தண்ணீர் நின்றது. ஊதினாள், போகவில்லை. வட்டைத் திருகிக் கழற்றித் துணியால் துடைத்தாள். மறுபடி மாட்டுவதற்கு முன், வெறும் வளையம் வழியாக ஜன்னலைத் தற்செயலாகப் பார்த்தாள். வெளியே அந்திக் கருக்கல். விறகுக் குவியல் தெரிந்தது, சௌனாவின் புகைபோக்கி தெரிந்தது. அதன் மேல் வெள்ளை மணி. ஊசித் துளையில் தெரிந்த அளவு கூர்மை இல்லை, ஆனால் எங்கே நிற்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. வளையம் இருக்கிற நினைப்புகூட வரவில்லை.

"கில்பர்ட், இந்த வட்டு இல்லாமச் சுட்டா குண்டு எங்க போகும்?"

"அதே இடத்துக்குத்தான் போகும். இதைத்தான் செப்டம்பர்லேர்ந்து சொல்ல வர்றேன். நீங்க வாயைத் திறக்க விட்டாத்தானே."

லெம்பி வட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கில்பர்ட் சொன்னதை முழுசாக நம்பினாள் என்று சொல்லமுடியாது. கிட்டத்தில் வந்தால் மட்டும்தான் சுடுவது என்று தனக்குள் தீர்மானித்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலை பனி பெய்தது. பெரிய பெரிய துணுக்குகளாக, காற்றில்லாமல், நேராக இறங்கியது. முதலில் ஒரு பெண்மான் போனது. அதன் பின்னால் மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டே கொம்புமான். கல்லெறி தூரம்கூட இல்லை. லெம்பியின் கன்னம் பழைய கட்டையில் பழைய இடத்தில் படிந்தது. வளையத்துக்குள் முழுக் காடும் இருந்தது, காட்டுக்குள் மான், மானின் தோளுக்குப் பின்னால் வெள்ளை மணி. இந்தத் தடவை அவள் எதையும் ஏறக்குறைய என்று நினைக்கவில்லை. விரலை அழுத்தினாள்.

வெடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். லீவரைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றியது கை மட்டும்தான். திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. திறந்தபோது பனித்துணுக்குகளுக்கு நடுவில் மரங்கள் மட்டும்தான் தெரிந்தன. அடிமரத்தில் முதுகை முட்டி உட்கார்ந்தே இருந்தாள். கடவுளே, மறுபடியும் அந்தச் சதுப்புக்குள் தேட வைத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு ஆர்வோ புதரை முறித்துக்கொண்டு வந்தான். தடம் தேடுவதற்குத் தயாராகக் கையில் கயிறும் விளக்கும் வைத்திருந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"எந்தப் பக்கம் ஓடுச்சு அண்ணி?"

"தெரியலடா. நான் பார்க்கல."

"எங்க நின்னுச்சு?"

அவள் கையைக் காட்டினாள். ஆர்வோ குனிந்து பனியில் ரத்தத்தைத் தேடிக்கொண்டே போனான். விழுந்து கிடந்த ஒரு மரத்தைத் தாண்டினான். அங்கே நின்றுவிட்டான். தொப்பியைக் கழற்றினான்.

"அண்ணி."

"என்னடா? சொல்லித் தொலை!"

"ஓடவே இல்ல."

லெம்பி எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மரத்தைத் தாண்டிப் போய், கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தச் சூடான கழுத்தின் மேல் கையை வைத்தாள். மான் நின்ற இடத்திலேயே விழுந்திருந்தது. ஒரு காலடிகூட எடுத்து வைக்கவில்லை. போன வருஷத்து மானுக்கும் சேர்த்து அவள் வாய்விட்டு அழுதாள்.

"ஏன் அண்ணி அழறீங்க?" என்றான் ஆர்வோ. அவன் குரலும் சரியாக இல்லை.

"அழுதா உனக்கென்ன? கயிறைக் கீழ வச்சிட்டு உன் இடுப்புக் கத்தியை எடு, குடலை எடுக்கணும்" என்றாள் லெம்பி. அழுகையை நிறுத்தாமலே சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டாள்.