எட்டணா மோட்டார்

அறுபத்து நான்காம் ஆண்டுக் கோடை. காலை எட்டரை மணிக்கு வத்தலக்குண்டில் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்தோம். தூரம் இருபது மைல் சொச்சம். போகிற இடம் பொருட்காட்சி. எனக்குப் பொருட்காட்சி என்றாலே ஆகாது. வரிசையில் நின்று, தகரக் கொட்டகைக்குள் வெந்து, வீட்டில் சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கிற கூத்து அது. ஆனால் தங்கை சரசு விடவில்லை. "அவரை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போண்ணே, பொருட்காட்சியில எட்டணாவுக்கு மோட்டார் ஓட்டுற மெஷின் வந்திருக்காம்" என்று முதல் நாளே பிடித்துக்கொண்டாள்.

அவர் என்பது அவள் கணவர் முத்தையா. கொடைக்கானல் மலைப்பாதையில் பல வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு மாதத்துக்கு முன் மலையிறங்கும்போது, எதிரே ஏறி வந்த லாரியை ஒரு வளைவில் உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. பனிமூட்டத்தில் லாரி தெரியவில்லை என்றார். முதலாளியும் நம்பி, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். இப்போது சீசன். திங்கட்கிழமை வண்டியை எடுக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டது. மனிதர் எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சரசுவுக்கு அதுதான் கவலை.

பஸ் டிரைவர் இவரைக் கண்டதும் பீடியை மறைத்தார். திங்கட்கிழமை வருகிறீர்களாமே என்று ஆசையாகக் கேட்டார். முத்தையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செம்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலைக்கோட்டைப் பாறை மொட்டைத்தலை மாதிரி வெயிலில் மின்னியது. பத்து மணிக்குத் திண்டுக்கல். இறங்கியதுமே புகையிலை நெடி. ஆளுக்கொரு காபி குடித்துவிட்டுப் பொருட்காட்சிக்கு நடந்தோம்.

'மின்சார விளையாட்டு மண்டபம்' என்று பலகை. நுழைவு எட்டணா, ஒரு மெஷினில் ஒரு தடவை ஆடலாம். எட்டணாவுக்கு இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாமே என்று முணுமுணுத்தபடி நுழைந்தேன். உள்ளே இருட்டு. மூலையில் மோட்டார் ஓட்டும் மெஷின். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துணிச்சுருள் ஓடுகிறது. அதில் மலைப்பாதை வரைந்திருக்கிறது. மேலே தீப்பெட்டியளவு கார், வெளியே அசல் ஸ்டியரிங். படத்தில் எதிரே வருகிற லாரி மேல் கார் பட்டால் மணி அடிக்கும்.

முத்தையா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். இடது கை, அங்கே இல்லாத கியரைத் தேடியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இவர் அதில் ரொம்பக் கறார். அப்படிப்பட்டவர் எதிரே வந்த லாரி ஒன்றைக்கூட விடவில்லை. இடது ஓரத்து மைல்கல் எதிலும் படவில்லை. வலது பக்கம் வந்ததிலெல்லாம் மோதினார். மணி ஓயவில்லை.

"மாப்ள, லைசென்ஸைப் பிடுங்கிருவாய்ங்க" என்று கேலி செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு டிக்கெட் வாங்கச் சொன்னார். தோற்ற ரோஷம் என்று நினைத்து வாங்கிக் கொடுத்தேன். இந்தத் தடவை இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். துணி ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கில் இருந்த கை அசையவே இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

வெளியே வேப்பமர நிழலில் நின்றோம். தீபாவளியிலிருந்தே வலது கண் மங்கி வந்ததாம். சூடு, தானாகத் தெளியும் என்று தள்ளிப்போட்டாராம். எவ்வளவு மங்கியிருக்கிறது என்று சோதித்துப் பார்க்க மட்டும் துணிச்சல் வரவில்லையாம்.

"அன்னைக்குப் பனியும் இல்ல ஒண்ணும் இல்ல மச்சான். நல்ல வெயிலு" என்றார். "திங்கக்கிழமை நாப்பது பேர வச்சுக்கிட்டு இறங்கியிருப்பேன்."

மதுரையில் நல்ல டாக்டர் இருக்கிறார், பார்ப்போம் என்றேன். சரி என்றார். ஆனால் மலையில் ஓட்டுகிற பிழைப்பு முடிந்தது என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. வேறு எதையும் பார்க்காமல் பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம்.

வீட்டில் சரசு சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு வைத்துச் சமைத்திருந்தாள். பரிமாறிக்கொண்டே, மோட்டார் மெஷின் எப்படி, எட்டணா கொடுத்ததுக்குத் தகுமா என்று கேட்டாள். எந்த ஊருக்குப் போய் வந்தாலும் செலவுக்குத் தகுமா தகாதா என்று தீர்ப்பு எழுதுகிறவன் நான். இன்று சோற்றையே பிசைந்துகொண்டிருந்தேன்.

"தகும்" என்றார் முத்தையா. "நீ கரண்டிய வச்சுட்டுச் செத்த இப்படி உக்காரு."

அவள் சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.