வெறும் பெட்டிகளில் பென்சில் புள்ளிகள்

கரவெட்டிப் பக்கத்து மருத்துவிச்சி அம்மா பிள்ளைகளைத் தராசில் நிறுத்து எழுதும் நிறைப் பதிவேட்டை விரித்தால் என் மேசையின் இரு புறமும் தொங்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. அந்த வரியில் தை முதல் மார்கழி வரை பன்னிரண்டு பெட்டிகள். பல பெட்டிகளில் நிறை இல்லை. மூலையில் பென்சிலால் குத்திய புள்ளி மட்டும் இருக்கும், தாளின் மறுபக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிற அளவுக்கு அழுத்தமாக. கூர் பார்க்கக் குத்திய தடமாக்கும் என்று, கணினியில் பதியும்போது அவற்றை விட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புள்ளிவிபரவியல் படித்து முடித்த கையோடு யாழ்ப்பாணத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை; அங்கே வந்திறங்கிய ஒரேயொரு கணினிக்கு நானே பூசாரி. பதிவேடு அகலவாட்டில் கிடந்தால் மாதத்துக்கு மாதம் நிறை எப்படிப் போகிறது என்று அதனிடம் கேட்பது கரைச்சல். பன்னிரண்டு பெட்டிகளையும் பிரித்து, பிள்ளை, மாதம், நிறை என்று ஒரு நிறைக்கு ஒரு வரியாக நெடுக அடுக்க வேண்டும். அதற்கு ஒரு நிரல் எழுதினேன். ஒரு வரி பன்னிரண்டாகி வழிந்திறங்கியதைப் பார்த்ததில் சோறு தண்ணீர் மறந்துபோயிற்று.

வெறும் பெட்டிகளும் வெறும் வரிகளாக வந்து நின்றன; கணினி அவற்றைப் பூச்சியமென்று கூட்டிச் சராசரியைக் கீழே இழுத்தது. பொறுப்பதிகாரியான சேர் என் தோளுக்குப் பின்னால் நின்று வெற்றிலைச் சாற்றை விழுங்கினார். "வெறும் வரியளை வைச்சு என்ன பூசையோ செய்யப்போறீர்? தூக்கி எறியும்."

எறிந்தேன். சராசரி நிறை ஏறியது. "வடிவா வந்திருக்கு," என்றார்.

சத்துமாவை ஊர் ஊராகப் பங்கிடும் கொழும்பு அலுவலகத்துக்கு அறிக்கை போவதற்கு முதல்நாள், பதிவேட்டைத் திருப்பி எடுக்க அம்மா சைக்கிளில் வந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கை தம்பி, என்ரை புள்ளிப் பிள்ளையள்?"

"அதுகளுக்கு நிறை இல்லைத்தானே, அம்மா. வரேல்லையாக்கும்."

"ஆர் சொன்னது? வந்ததுகள். தேஞ்ச பிள்ளையைத் தராசிலை போட்டால் கண்ணூறு பட்டு இன்னும் தேயுமெண்டு தாய்மார் விடமாட்டினம். நான் கையிலை தூக்கிப் பாத்திட்டுப் புள்ளி போடுறனான். உதுகளுக்குத்தான் சத்துமா வேணும்."

சேரிடம் ஓடினேன். "பென்சில் புள்ளிக்குச் சராசரி எடுக்கேலுமோ? கொழும்பிலை சிரிப்பினம். வந்த வடிவைக் கெடுக்காதையும்," என்றார். புள்ளிகளை எண்ணி அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். எனக்கு அது தெரியும். ஆனால் என் நிரல், என் முதல் அறிக்கை. அதில் கறை விழுவதை நானும் விரும்பவில்லை. அறிக்கையை அப்படியே அச்சுக்கு விட்டேன்.

அடுத்த தடவை சத்துமா லொறி கரவெட்டிக்குப் போகவில்லை. பிள்ளைகள் தேறிவிட்டார்களாம். அம்மா மறுபடி வந்தார், சத்தம் போடவில்லை. "உங்கடை கடுதாசியிலை பிள்ளையள் நல்லாக் கொழுத்திட்டுதுகள், தம்பி. ஒருக்கால் வந்து தூக்கிப் பாருமன்," என்றார்.

நான் போகவில்லை.

இன்று அந்த வேலைக்கு ஒரேயொரு கட்டளை போதும். அகலம் நெடுக்காகிற கணத்திலேயே, வெறுமையானவற்றை விட்டுவிடவா என்று கணினியே கேட்கிறது. வெற்றிலை வாடை அடிக்கிறது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, புள்ளி தட்டுப்படுமா என்று திரையை விரலால் தடவிப் பார்க்கிறேன். வழுவழுவென்று இருக்கிறது.