அண்ணாந்து குடித்த சிவப்பு ஏல்

போன வருடம் ஆடி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. கொள்ளிடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கரையைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிய நான், காவிரிப் பாலத்தில் வெள்ளம் பார்க்க நின்ற கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, திருவெறும்பூரில் இருக்கும் எங்கள் கம்பெனிக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அன்று மாலைக்குள் நான் செய்த ஒரு காரியத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். பானங்கள் தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். முதலாளியையும் சேர்த்து மொத்தம் பதினான்கு பேர்தான். ஒவ்வொரு தயாரிப்பும் வெளியே போகும் முன் அதற்கான அனுமதித் தாளில் என் கையெழுத்து விழ வேண்டும். அது இல்லாமல் ஒரு பெட்டிகூட கேட்டைத் தாண்டாது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத எனக்கு அந்தப் பொறுப்பு கொஞ்சம் தலைக்கனத்தையும் கொடுத்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மாதம் நாங்கள் அறிமுகப்படுத்த இருந்தது ஆல்கஹால் இல்லாத ஒரு சிவப்பு ஏல், பீர் வகைப் பானம். வாற்கோதுமை மால்ட்டை வேகவைத்து, வடிகட்டி, ஹாப்ஸ் பூவின் கசப்பைச் சேர்த்து, நொதிக்க விடாமல் காஸ் ஏற்றிப் பாட்டிலில் அடைப்போம். கொஞ்சம் பச்சைமலைக் கேழ்வரகையும் முளைகட்டி வறுத்துச் சேர்த்திருந்தோம். சிவப்பு நிறம் என்பதால் செவ்வாய் கிரகத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். லேபிளில் வேட்டியை மடித்துக் கட்டிய விண்வெளி வீரர் ஒருவர் செம்மண்ணில் நடந்து போவார். பாட்டிலின் மூடி அவருடைய தலைக்கவசம் மாதிரி இருக்கும். திறந்ததும் வேற்று உலகத்து வாசனை வர வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்டதால் நன்னாரியும் ஆரஞ்சுத் தோலும் தூக்கலாகச் சேர்த்தோம்.

பெயரைக் கேட்டதும் என் அம்மா மட்டும் கவலைப்பட்டாள்.

“கல்யாணம் ஆகாத பொண்ணு வேலை பார்க்கற இடத்துல வைக்க வேற பேரே கிடைக்கலையாடி? செவ்வாய், செவ்வாய்னு நீ ஃபோன்ல பேசிண்டே இருக்கே. ஜாதகம் கேட்டு வரவா காதுல விழுந்தா என்ன ஆறது?”

அன்று காலை பதினோரு மணிக்குக் கடைசிச் சுவைப் பரிசோதனை. அதற்குச் சில விதிகள் உண்டு. ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது. சென்ட் கூடாது. பேசக் கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூடாது. தலையில் பூ கூடாது. பாலக்கரையிலிருந்து வரும் எங்கள் ஆய்வகத்து அக்கா, என்னைவிட எட்டு வயது மூத்தவர், தினமும் வைத்து வரும் மல்லிகைச் சரத்தை எடுத்துப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்தார். ஐந்து பேர் உட்கார்ந்தோம். ஒரே கண்ணாடி ஜாடியிலிருந்து ஐந்து கண்ணாடிக் குவளைகளில் ஜில்லென்று ஊற்றப்பட்டது.

என் தாளில் நான் எழுதியது இப்போதும் வரிசையாக நினைவிருக்கிறது. நிறம்: முறுகிய வெல்லப்பாகை வெயிலுக்கு எதிரே பிடித்த மாதிரி, கலங்கல் இல்லை. நுரை: கடைந்த மோர் மாதிரி மெல்லியது, ஒரு நிமிடம் நிற்கிறது. வாசனை: முதலில் நன்னாரி, அப்புறம் ஆரஞ்சுத் தோல், அடியில் வறுத்த பொட்டுக்கடலை. சுவை: தோசையின் முறுகின ஓரம், அளவான இனிப்பு, நாக்கின் பின்பக்கம் ஒரு கசப்பு. பின்சுவை: சுத்தம். மொத்தம் பத்துக்கு எட்டரை. மற்ற நால்வரும் ஏழுக்கு மேல் போட்டிருந்தார்கள். அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டேன். நூற்றுப்பத்துப் பெட்டிகள் அன்று மூன்று மணிக்கு வேனில் ஏறி, மன்னார்புரத்தில் மறுநாள் தொடங்கும் உணவுக் கண்காட்சிக்குப் போக வேண்டும்.

மதியம் ஒன்றரை மணி இருக்கும். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நான் மட்டும் பரிசோதனை அறையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். தாகம். ஜாடியில் இரண்டு வாய் ஏல் மிச்சம் இருந்தது. குவளைகள் எல்லாம் கழுவப் போய்விட்டன. பொது ஜாடியில் வாய் வைக்க எனக்கு வராது. எங்கள் வீட்டில் எச்சில் பண்ணாமல்தான் குடிப்போம். டம்ளர் உதட்டில் படக் கூடாது. கல்லூரி விடுதியில் இதைப் பார்த்து, “என்னடி, குழாயடியில வாயைத் திறந்துகிட்டு நிக்கிற மாதிரி இருக்கு” என்று தோழிகள் சிரித்ததிலிருந்து வெளியிடங்களில் உறிஞ்சிக் குடிக்கப் பழகிக்கொண்டேன். ஆய்வகத்தில் அதுதான் முறையும்கூட. அன்று அறையில் யாரும் இல்லை. ஜாடியைத் தூக்கி, அண்ணாந்து, கொஞ்சம் வாயில் விட்டுக்கொண்டேன்.

விழுங்கி இரண்டு நொடி ஆகியிருக்கும். தொண்டையிலிருந்து மூக்குக்கு ஒரு வாசனை ஏறியது. பிளாஸ்திரி வாசனை. நன்னாரி இல்லை, ஆரஞ்சு இல்லை, அப்பட்டமான ஆஸ்பத்திரி.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். கையில் தடவிய சானிடைசரா? முகர்ந்தேன், இல்லை. ஜாடியைக் கழுவிய சோப்பா? புது பாட்டில் ஒன்றைத் திறந்து, சாப்பாட்டு அறையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் எடுத்து வந்து ஊற்றினேன். உறிஞ்சிக் குடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. நன்னாரி கமகமவென்று வந்தது. குளிர் கொஞ்சம் விட்டதும் அண்ணாந்து குடித்தேன். அதே பிளாஸ்திரி.

என்ன நடக்கிறது என்று புரிந்தது. மூக்கைக் குவளைக்குள் விட்டு உறிஞ்சும்போது மேலே மிதக்கும் நன்னாரி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. குளிர்ச்சியும் காஸும் அதற்குத் துணை. அண்ணாந்து குடிக்கும்போது மூக்குக்கு முன்கூட்டிய சேதி எதுவும் போவதில்லை. அடியில் ஒளிந்திருந்தது தனியாக மேலே வந்துவிட்டது.

அந்த வாசனை எதனால் வரும் என்பதும் எனக்குத் தெரியும். தண்ணீரில் குளோரின் மிஞ்சி, அது மால்ட்டோடு சேர்ந்தால் வரும். தண்ணீர் அறைக்கு ஓடினேன். கார்பன் ஃபில்டரைத் தாண்டி வரும் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டேன். நிறம் மாறாமல் இருக்க வேண்டிய தண்ணீர் மஞ்சளானது. வெள்ளக் காலத்தில் கலங்கல் தண்ணீருக்குக் குளோரின் கூடுதலாகத்தான் போடுவார்கள்; போடவும் வேண்டும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது எங்கள் ஃபில்டர். ஃபில்டரை நான் திங்கள்தோறும் சோதித்து டிக் அடிப்பேன். அந்தத் திங்களும் அடித்திருந்தேன். செவ்வாய்க்கிழமை புது வெள்ளம் வந்தது. புதன்கிழமை ஏல் காய்ச்சினோம். வெள்ளம் வந்தால் தினமும் சோதிக்க வேண்டும் என்ற வரி என் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்ததே நான்தான்.

அந்தத் தண்ணீர் அறையில் ஐந்து நிமிடம் நின்றேன். ஐந்து பேர் குடித்தோம், யாருக்கும் தெரியவில்லை. கண்காட்சியில் ஐஸ் போட்டுக் கொடுப்பார்கள். அங்கேயும் பலருக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தால் முதலில் கெடுவது என் பெயர்தான். காலையில் எட்டரை மதிப்பெண் போட்டவள், மதியம் வேண்டாம் என்கிறாள். அடுத்த முறை என் கையெழுத்தை யார் நம்புவார்கள்? திறக்காவிட்டால் மூன்று மணிக்கு வேன் போய்விடும். இரண்டையும் மனதில் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் நிறைய வரிகள் இருந்தன. மறுபக்கம் ஒரே வரி: எனக்குத் தெரியும்.

முதலாளியின் அறையில் விற்பனை மேலாளரும் இருந்தார். நாளைய கண்காட்சிக்கென்று வெள்ளைச் சட்டையை இன்றே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், மூணு மணி வண்டியை நிறுத்தணும்” என்றேன்.

“காலையில கையெழுத்துப் போட்டது யாரு, உங்க ட்வின் சிஸ்டரா?” என்றார் விற்பனை மேலாளர்.

“நான்தான் அண்ணே. தப்பாப் போட்டுட்டேன். அந்தக் கையெழுத்தைத் திருப்பி எடுத்துக்கிறேன் சார்.”

நடந்ததைச் சொன்னேன். முதலாளி குறுக்கிடாமல் கேட்டார். விற்பனை மேலாளர்தான் பொறுக்கவில்லை.

“சார், ஸ்ரீரங்கத்து நாக்கு. தீர்த்தத்தைத் தவிர எதைக் குடுத்தாலும் மருந்து மாதிரித்தான் இருக்கும். மன்னார்புரத்துல ஸ்டால் போட்டாச்சு, ஆளுயர விண்வெளி வீரரை நிக்க வச்சாச்சு. இப்பப் போயி...”

“கிண்டலை அப்புறம் வச்சுக்கங்க. குடிச்சுப் பார்த்துட்டா தெரிஞ்சுடப் போகுது” என்றார் பின்னாலேயே வந்துவிட்ட அக்கா.

வெள்ளத்துக்கு முன்னால் இதே செய்முறையில் காய்ச்சிச் சாம்பிளுக்கு எடுத்து வைத்த பாட்டில்கள் குளிர்பெட்டியில் இருந்தன. மூன்று மூன்று டம்ளர்களாக வைத்தோம். இரண்டில் பழையது, ஒன்றில் புதியது; வேறாக இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எது எது என்பது டம்ளர்களின் அடியில் குறித்த எண்ணை வைத்து எனக்கு மட்டும் தெரியும். தற்செயலாகவும் சரியாக வந்துவிடலாம் என்பதால் ஆளுக்கு நான்கு சுற்று. ஒரு வித்தியாசம்: யாரும் டம்ளரில் வாய் வைக்கக் கூடாது.

முதலாளி, விற்பனை மேலாளர், அக்கா மூவருமே எப்போதோ ஹோட்டலில் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் குடித்ததோடு சரி. விற்பனை மேலாளர் முதல் டம்ளரிலேயே பாதியைக் கழுத்தில் விட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் செவ்வாய் கிரகம் வழிந்தது.

“சட்டை போச்சு! இதுக்குத்தான் சொன்னேன், மனுசன் மாதிரி குடிச்சா...”

“பேசாதீங்கண்ணே, பேசக் கூடாது” என்று அக்கா அதட்டினார்.

மூன்றாவது டம்ளரை விழுங்கிய மேலாளர் அப்படியே நின்றார். திரும்ப ஒரு வாய் விட்டுக்கொண்டார்.

“இதுதான். புண்ணுக்குக் கட்டுப் போடுற ரூம்ல வருமே, அந்த வாடை.”

டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். சரி. நான்கு சுற்றிலும் அவர் சரியாகச் சொன்னார். அக்கா மூன்றில். முதலாளி ஒன்றில் மட்டும், அதுவும் யோசித்து யோசித்து.

“எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு” என்றார். “ஆனா உங்க மூணு பேருக்குத் தெரியுது. ஃபில்டரைப் பார்க்க வேண்டியது யாரு?”

“நான்தான் சார். திங்கக்கிழமை பார்த்தேன். வெள்ளம் வந்ததும் திரும்பப் பார்த்திருக்கணும்.”

அவர் திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. வேன்காரரைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்றார். பிறகு அனுமதித் தாளை என் பக்கம் தள்ளினார்.

“நீங்க போட்டது. நீங்களே அடிங்க.”

ஆவணத்தில் பிழையை அடிக்க ஒரு முறை உண்டு. கிறுக்கி மறைக்கக் கூடாது. பழைய எழுத்து படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே கோடு. பக்கத்தில் காரணம், தேதி, சுருக்கொப்பம். அப்படியே செய்தேன். நேராகத்தான் போயிற்று கோடு.

மறுநாள் மன்னார்புரம் ஸ்டாலில் குடிக்க ஏல் இல்லை. விற்பனை மேலாளர் அசரவில்லை. கறை போகாத சட்டைக்கு மேல் கோட் போட்டுக்கொண்டு, அட்டை விண்வெளி வீரரோடு வருகிற குழந்தைகளை எல்லாம் நிற்க வைத்து நாள் முழுக்கப் படம் எடுத்துத் தந்தார். “ராக்கெட் கிளம்ப லேட்டாகுது, தண்ணி லாரி இன்னும் வரல” என்று, ஏல் எங்கே எனக் கேட்டவர்களிடம் சொன்னாராம். பெட்டிகளை எல்லாம் பிரித்துக் கொட்டுவதற்கு எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. நானும் நின்று பாட்டில் திறந்தேன். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது.

ஃபில்டருக்குப் புதுக் கார்பன் மாற்றி, மூன்று வாரத்தில் மறுபடி காய்ச்சினோம். இந்த முறை சுவைத் தாளில் ஒரு வரி கூடியிருந்தது: ‘அண்ணாந்து குடித்தபோது’. அதை அச்சடிக்கச் சொன்னவர் விற்பனை மேலாளர். எந்த நாக்கைக் கேலி செய்தாரோ, அதைவிடக் கூர்மையான நாக்கு தனக்கு இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது சுவைக் குழுவில் அவர் நிரந்தர உறுப்பினர், கழுத்தில் துண்டோடு. அந்த ஏல் பெட்டிபெட்டியாகப் போகிறது. கடைகளில் அந்த வேட்டி கட்டிய வீரரைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவரிடம் ‘இது நாங்கள் செய்தது’ என்று சொல்லத் தோன்றும். சில சமயம் சொல்லியும் விடுகிறேன்.

அந்தப் பழைய தாள் கோப்பில் அப்படியே இருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர்கள் புரட்டும்போது அங்கே நிறுத்தி, இது என்ன என்று கேட்பார்கள். நானே எழுந்து போய் விளக்குவேன். அதற்குப் பிறகு எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், நான் எடுத்துக் காட்ட விரும்புவது என் கையாலேயே கோடு போட்டு அடித்த அந்த ஒரு கையெழுத்தைத்தான்.