இருவருக்கும் ஒரே ஏச்சு

ஃபேரர் பார்க்கில் ஒரு கேட்டரிங் சமையலறைக்கு நான் சூப்பர்வைசர். யார் தவறு செய்தாலும் எல்லார் முன்னாலும், “கண்ண வீட்டுல வெச்சுட்டு வந்தியா?” என்பேன். செல்வி சிரிப்பாள்: “பிடோக் வீட்டுலயே விட்டுட்டேன்லா, அக்கா!” திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த மலர் தலைகுனிந்து நிற்பாள். உறைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று ஒரு பிறந்தநாள் விருந்து. வந்திருந்த குழந்தை ஒன்றுக்கு வேர்க்கடலை பட்டாலே மூச்சடைக்கும். அதற்கு நானே இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தேன். குழந்தை வாயருகே கொண்டுபோனபோது, மலர் ஓடிவந்து தட்டைப் பறித்தாள்.

“கடலைச் சட்னிக் கரண்டிய இந்தச் சட்னில போட்டுட்டேன்க்கா.”

தட்டை அவளிடமிருந்து வாங்கி அப்பால் வைத்தேன். “அப்பவே சொல்றதுக்கென்ன?”

“எல்லார் முன்னாலயும் ஏசுவீங்களேன்னு...”

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பார்கள், ஏச்சுக்கும் அதுதான். செல்வியிடம் இப்போதும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன். மலரிடம் மட்டும் தனியே, “என்ன ஆச்சும்மா?” என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.