முதல்ல கீரை

எனக்கு அப்போது மலாய் அவ்வளவாக வராது. கூலிக்காரர் குடியிருந்த லயத்தில் எல்லாரும் தமிழ்தான், கங்காணி திட்டுவதும் தமிழில்தான், பிறகு மலாயை எங்கே போய்ப் படிப்பது? துரைசானிக்கோ தமிழ் சுத்தமாகத் தெரியாது. புத்தகத்தைப் பார்த்துப் படித்த மலாயில் பேசுவார். நான் பாதியைக் காதில் வாங்கி, மீதியை அவர் கையசைப்பைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். செனாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், துரை பங்களாவின் பின்கட்டில், கோழி பார்க்கிற வேலை எனக்கு.

அதற்கு முன்னால் மேட்டுக்காட்டில் பால் வாளி தூக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஏற்ற இறக்கத்தில் இரண்டு தடவை வயிற்றில் தங்கியது தங்காமல் போயிற்று. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் கங்காணியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி என்னைப் பங்களாவில் சேர்த்துவிட்டார். துரைசானியிடம் வயிற்று விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு வேண்டாம் என்றுவிட்டால்? எத்தனை மாசம் என்று நானும் எண்ணிப் பார்க்கவில்லை. முந்தைய இரண்டுக்கும் விரலை மடக்கி மடக்கி எண்ணினவள் நான். என் கண்ணே பட்டுவிட்டது என்றுதான் நம்பினேன்.

பங்களாவில் ஒரு முட்டைப்பெட்டி இருந்தது. கப்பலில் வந்த சாமான். பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும், அந்தச் சூட்டில் உள்ளே தட்டில் முட்டைகள் கிடக்கும், முன்னால் கண்ணாடிக் கதவு. பொரித்த குஞ்சுகளை, ஈரம் காய்ந்ததும், இன்னொரு பெட்டிக்கு மாற்ற வேண்டும். அதற்கும் ஒரு விளக்கு உண்டு. உள்ளே கம்பளித் துணி கீற்றுக் கீற்றாகத் தொங்கும், குஞ்சுகள் அதற்கடியில் போய் ஒண்டிக்கொள்ளும். துரைசானி அதை ‘மதர்’ என்பார். அம்மா என்று அர்த்தமாம். “அம்மாவுக்கும் மண்ணெண்ணெய் ஊத்தணுமா? நல்ல ஊருடி இது!” என்று என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவள் கையில், போன தடவை, இப்படி மாற்றும்போதுதான் பாதிக்கு மேல் குளிரில் விறைத்துச் செத்தன. இந்தத் தடவையும் செத்தால் பெட்டியை விற்றுவிடுவேன், நீ அங்கே போகலாம் என்று துரைசானி ஜன்னல் வழியாகக் கை நீட்டினார். கை நீட்டிய பக்கம் அந்த மேடுதான். அந்த மலாய் மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் குஞ்சுகள் நிறையவே பொரித்திருந்தன. மழையான மழை. துரை ஜொகூர் பாருவுக்குக் கிளம்பி, கார் வாசலில் உறுமிக்கொண்டிருக்கிறது. துரைசானி தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, “கீரா டூலு, பாரு பிண்டா!” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டூலு என்றால் முதலில். பாரு பிண்டா, பிறகு மாற்று. அது தெரியும். கீரா?

கீரை! முதலில் கீரை கொடு, பிறகு மாற்று!

பிறந்த குஞ்சுக்குக் கீரையா என்று எனக்கே இடித்தது. ஆனால் வெள்ளைக்காரர்கள் வீட்டில் பச்சை இலையை அப்படியே தின்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேனே, கோழிக்கும் அதுதான் வழக்கமோ என்னவோ! தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடி, தண்டுக்கீரை பறித்து, கழுவி, பொடிப்பொடியாக அரிந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து கை கையாகத் தூவினேன்.

ஒன்றுகூடத் தின்னவில்லை. ஈரக் கீரை குஞ்சுகளின் முதுகெல்லாம் ஒட்டிக்கொண்டது. காய்ந்து பஞ்சாக இருந்த மயிர் மறுபடி நனைந்து ஒட்டிப்போனது. திறந்த கதவு வழியாகச் சூடெல்லாம் போய்விட்டது. அத்தனையும் ஒரே குரலாகக் கத்த ஆரம்பித்தன. ஐயோ, பாவி, கெடுத்தேனே! கூடையில் கம்பளியை விரித்து, கைக்கு வந்ததை வந்தபடி அள்ளி அள்ளி அந்த இன்னொரு பெட்டிக்கு மாற்றினேன். பாதி, போட்ட இடத்திலேயே படுத்துவிட்டது. மாரியம்மா, என்னை மறுபடி மேட்டுக்கு அனுப்பிவிடாதே தாயே என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து ஊதினேன். அழுதுகொண்டே ஊதினேன். வெகு நேரம் கழித்து ஒன்று எழுந்து கம்பளிக்கடியில் போனது. பின்னாலேயே மற்றதுகளும் போயின.

மத்தியானம் துரைசானி வந்தார். முட்டைப்பெட்டிக்குள் கீரையைப் பார்த்ததும் அவர் கண் விரிந்துவிட்டது. “அப்பா இனி?” என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

“கீரா, மேம்,” என்றேன்.

அவர் விரலை ஒவ்வொன்றாக நீட்டி, “சாத்து, டுவா, தீகா... கீரா!” என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணச் சொல்லியிருக்கிறார்! முதலில் எண்ணு, பிறகு மாற்று! எனக்கு மானமே போயிற்று. துரைசானி முதலில் சிரிக்கத்தான் செய்தார். பிறகு பொரிக்காத முட்டைகளை எண்ணிக் கழித்துப் பார்த்துவிட்டு, முப்பத்தொன்பது குஞ்சு இருக்க வேண்டும், எண்ணு என்று காட்டினார்.

உயிருள்ளதை எண்ண எனக்குப் பயம். ஊரில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். அப்படியே எண்ணினேன். லாபம், ரெண்டு, மூணு... முப்பத்தெட்டில் நின்றுவிட்டது.

முட்டைப்பெட்டிக்கு ஓடினேன். மூலையில், ஈரக் கீரைக்கு அடியில், கிடந்தது. நான்தான் மூடிவிட்டிருக்கிறேன். கையில் எடுத்தால் சில்லென்று இருந்தது. துரைசானி நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் முந்தானையை இழுத்து, வயிற்றோடு வயிறாக மடியில் வைத்துக் கட்டி, விளக்கை ஒட்டி உட்கார்ந்தேன். சேலை இறுகியதும் வயிறு புடைத்துத் தெரிந்தது. துரைசானியின் பார்வை அங்கே போனதைக் கவனித்தேன். போகட்டும், இனி எதை மறைப்பது?

மடிக்குள் ஏதோ துள்ளியது.

“அசையுது! மேம், அசையுது!” என்று கத்திவிட்டேன். அவரும் குனிந்தார். அவசரமாக மடியை அவிழ்த்துக் குஞ்சை எடுத்தேன். தலை தொங்கிவிட்டது. எப்போதோ செத்திருந்தது.

மறுபடியும் துள்ளியது. மடியில் இல்லை, உள்ளே. முந்தைய இரண்டும் இதுவரைக்கும் வந்ததில்லை. குஞ்சை ஒரு கையிலும் வயிற்றை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

துரைசானி என் கையிலிருந்து குஞ்சை வாங்கிக்கொண்டார். மேட்டுப் பக்கம் கை நீட்டுவார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீட்டவில்லை. “ஈசோக், சீனி,” என்றார். நாளைக்கு, இங்கே. பிறகு என் வயிற்றைக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

“கீரா?”

இந்தத் தடவை சரியாகக் காதில் விழுந்தது. பயந்துகொண்டேதான் விரலை மடக்கினேன். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.